வெள்ளிக்கிழமைகளில் சுருட்டப்பட்ட சாமி

ஸ்காபரோவில் எங்கள் அப்பார்ட்மெண்ட் ஹோலில் ஒரு யப்பானியச் சாமி தொங்கினார். பட்டுக்கரை வைத்த நீளமான தாளில் மையால் வரைந்த படம். மேலே கயிறு, அடியில் மரத்தடி. வேண்டாதபோது பாய்போலச் சுருட்டி வைக்கலாம். தொப்பி போட்ட தடித்த மனிதர், ஒரு கையில் தூண்டில், மற்றக் கக்கத்தில் பெரிய சிவப்பு மீன், முகம் நிறையச் சிரிப்பு.

அப்பா ஒரு யப்பானிய உணவகத்தில் மீன் வெட்டினார். கடையைப் புதுப்பித்தபோது முதலாளி கொடுத்த படம் அது. சப்வேயில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார்.

"எபிசுவாம் பேர். மீன்பிடிக்கிற ஆக்களுக்கு அதிர்ஷ்டம் குடுக்கிற சாமியாம்."

ஊரில் அப்பா கடலுக்குப் போனவர். அவருக்கு முன்னே எல்லோரும் அப்படித்தான். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

"கக்கத்துக்க வச்சா வழுக்கிப் போகுமெல்லே," என்று படத்தைப் பார்த்து அப்பா சிரித்தார். "பரவாயில்லை, எங்கட ஆள்தானே."

அம்மாவுக்குத்தான் சிக்கல். மீனோடு நிற்பவரைச் சாமித்தட்டில் எப்படி வைப்பது? நான் நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னேன்: யப்பானில் நற்பேறு தரும் தெய்வங்கள் ஏழு பேர். ஒரே கப்பலில் வருவார்கள். அதில் ஒருத்தி எங்கள் சரஸ்வதி.

"சரஸ்வதியோட வாறவரெண்டா ஹோலில இருக்கட்டும்," என்றார் அம்மா. ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. ஆகவே வெள்ளி காலை முழுகிவிட்டு அவரைச் சுருட்டி அலுமாரிக்கு மேல் வைப்பார். சனி காலை சாமி திரும்ப ஆணிக்கு வருவார்.

அந்த நாட்களில்தான் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கணக்காளர், றிச்மண்ட் ஹில்லில் வீடு. சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தவர் எங்கள் கட்டிடத்திலேயே இருந்த ஒரு அன்ரி. ஹோலைச் சுற்றிப் பார்த்தார்.

"அக்கா, உதைக் கழட்டி வையுங்கோ. அவை ஞாயிற்றுக்கிழமை வரேக்க உது தொங்கினா, நீங்கள் ஆரெண்டு வாயால சொல்லத் தேவையில்லை."

"சொன்னா என்ன?" என்று கேட்டேன்.

"படிச்ச பிள்ளை, உனக்கு விளங்காதே? அவை கடற்கரைப் பக்கம் எடுக்கமாட்டினம். கேட்டா டவுன் எண்டு சொல்லுங்கோ."

"பிறகு தெரியவந்தா?"

"தாலி ஏறினாப் பிறகு ஆர் என்ன செய்யிறது?"

சனிக்கிழமைதோறும் அப்பா பார்த்து வாங்கிவரும் மீனில் பங்கு கொண்டுபோகிற அன்ரி இவர். இங்கே எல்லோரும் ஒரே பயத்தோடு வந்து இறங்கினோம். ஒரே மாதிரி அகதி விண்ணப்பம் எழுதினோம். மாப்பிள்ளையின் தகப்பனும் உணவகத்தில் கோப்பை கழுவித்தான் வீடு வாங்கினார். அப்படியிருந்தும் உயிரைத் தவிர ஒன்றுமே கொண்டுவர முடியாத அந்த ஓட்டத்தில் இந்தச் சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலை அம்மா படத்தைச் சுருட்டினார்.

"அம்மா, இண்டைக்கு வெள்ளிக்கிழமை இல்லை."

அம்மா கயிற்றைச் சுற்றிக் கட்டினார். அப்பா சேட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதுதான் என்னைச் சுட்டது.

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் றோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தபடி கேட்டார்:

"அண்ணை ஊரில என்ன செய்தனீங்கள்?"

"யாவாரம்," என்றார் அப்பா. "சின்ன யாவாரம்."

கடற்காற்றை மீறிக் கத்திக் கதைத்துப் பழகிய மனிதர். அந்தச் சொல் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே விழுந்தது.

நான் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போனேன். அலுமாரிக்கு மேலிருந்த படத்தை எடுத்துவந்து அவர்கள் முன்னாலேயே ஆணியில் கொழுவினேன்.

"அப்பா கடலுக்குப் போனவர்," என்றேன். "அப்பாவின்ர அப்பாவும். இது அவரை மதிச்சுக் குடுத்த சாமி."

மாப்பிள்ளை மீனைப் பார்த்தார், பிறகு தாயைப் பார்த்தார்.

"வடிவான படம்," என்ற தாய், கடித்த பாதி றோல்ஸைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார். அஜக்ஸில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம். எழுந்துவிட்டார்கள்.

அவர்களைக் கூட்டிவந்து, பின்னால் இறங்கிய அன்ரி வாசலில் நின்று சொன்னார்: "படிச்ச திமிர். ஒரு படத்தால நல்ல சம்பந்தம் போச்சு."

படத்தால் போகவில்லை. இதை அன்றைக்கும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

அப்பா வெகுநேரம் படத்துக்கு முன்னால் நின்றார். "கோணலாக் கொழுவியிருக்கிறாய்," என்று கயிற்றை இழுத்து நேராக்கிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போலச் சுருட்டினார். அந்தச் சுருட்டலில் எனக்குக் கோபம் இல்லை. சனி காலை தேத்தண்ணி வைக்க முதலே திரும்பக் கொழுவினார். மத்தியானம், ஒன்றும் நடக்காததுபோல, அன்ரி மீனுக்கு வந்தார். கொடுக்க வேண்டாம் என்று நான் குசினிக்குள் பல்லைக் கடித்தேன். அம்மா கேட்கவில்லை. படத்துக்கு நேரே அன்ரிக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"இருங்கோ, துப்புரவாக்கித் தாறன்," என்றார்.

அன்றைக்கு அந்த மீனைத் துப்புரவாக்க அம்மாவுக்கு வழமையைவிட வெகுநேரம் எடுத்தது.