காய்ச்சிய கொய்யாச்சாறு

கடியப்பட்டணத்தில் எங்கள் தெருவின் முதல் பட்டதாரி நான். அடுத்தது பக்கத்து வீட்டுப் பிரிஜாதான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் பத்தாம் வகுப்பு. அவள் அப்பா ஞானதாசன் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கரைக்கு வரமாட்டார். அம்மா குளோரி மாமி தெருத்தெருவாக மீன் விற்பவள். அறிவியல் கண்காட்சியில் முதலாவதாக வரும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன் சயின்ஸ் குரூப்பும் ஹாஸ்டலும் இலவசம் என்று ஒரு பள்ளி அறிவித்திருந்தது. கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் ஜவுளிக்கடை வேலை என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள்.

பாக்கெட் ஜூஸைவிட வீட்டுக் கொய்யாவில் வைட்டமின் சி அதிகம் என்று காட்டுவது அவள் திட்டம். சாற்றில் மரச்சீனிக் கிழங்கு மாவுக் கரைசல் கலந்து, அயோடினைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். வைட்டமின் தீரும்வரை நீலம் பிடிக்காது. வீட்டில் செய்து பார்த்தபோது கொய்யாதான் ஜெயித்தது.

கண்காட்சி குழித்துறையில். விடியுமுன் பஸ் ஏறவேண்டும் என்று முந்தின சாயங்காலமே சாறு பிழிந்து வைத்துவிட்டு ஜெபமாலைக்குப் போனாள். காலையில் மாமி பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தாள். துணைக்கு நானும் போனேன்.

நடுவர் முன்னால் பாக்கெட் ஜூஸ் வெகுநேரம் தாக்குப்பிடித்தது. கொய்யா சில துளிகளிலேயே நீலமானது. இன்னொரு கிளாஸில் செய்தாள். அதுவும் நீலம். பிரிஜா சாற்றை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, இது காய்ச்சினது சார், சூட்டுல வைட்டமின் போயிரும் என்றாள். மேசையில் இருப்பதற்குத்தான் மார்க் என்று சொல்லி அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

வீடு திரும்பியதும் மாமி முதலில் கேட்டது சாற்றைப் பற்றித்தான்.

"கெட்டுப்போவல்லியே? நீ அப்படியே வச்சிட்டுப் போயிட்ட. மீன்கறியே ரெண்டு நேரம் சூடாக்கினாத்தான நிக்கும்? ராத்திரியும் விடியகாலமும் நல்லா கொதிக்க வச்சு, ஆத்தி ஊத்தினேன் மக்கா."

நான் சொல்ல வாயெடுத்தேன். பிரிஜா முந்திக்கொண்டாள். "நல்லாத்தான் இருந்துச்சும்மா. பரிசு வேற ஸ்கூலுக்குக் குடுத்துட்டாவ."

"கண்ணு தெரியாதவனயா ஜட்ஜா வச்சிருக்கானுவ?" என்று தொடங்கி மாமி அந்த நடுவரை ஒருபாடு திட்டித் தீர்த்தாள்.

வாசலில் என்னைத் தனியாகப் பிடித்துப் பிரிஜா சொன்னாள்: "அண்ணா, அம்மைட்ட சொல்லாண்டாம். ஆயுசுக்கும் அதையே நினைச்சிட்டுக் கெடப்பா."

ஜூனில் ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டு, வாங்காமல் போனவர்கள் விரித்த சேலைகளை மடிக்கிறாள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவாள். முந்தின நாள் மீன்கறியைச் சூடாக்கி வைத்துக்கொண்டு மாமி காத்திருப்பாள். மகள் சாப்பிடுவதைப் பார்த்ததும் அந்த நடுவரின் நினைவு வந்து திட்டத் தொடங்குவாள். பிரிஜா தலையைத் தூக்காமல் சாப்பிடுவாள்.