மார்பளவு

மார்பளவுன்னா எனக்குத் தெரியாதா? நாகல் நகர்ல பன்னெண்டு வருசமா ஜாக்கெட் தைக்கிறவ நான். அந்தச் சொல்லுதான் என் மானத்தக் கப்பலேத்துச்சு.

அப்ப எனக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருந்தாங்க. தரகர் கையில என் போட்டோ போகும், நாலே நாள்ல திரும்பி வரும். "பொண்ணு கலர் கம்மி"ம்பாங்க. நேர்ல வந்து ஒருத்தனும் பாத்ததில்ல. ஏழாவது தடவை திரும்பி வந்தப்ப, வாய்விட்டு அழுதுட்டேன். அண்ணன் பொண்டாட்டி, எங்க மதினி, விடுமா? பங்குச் சாமியார்கிட்ட, வரன் தேட எழுதிக் குடுக்குற கல்யாணப் பாரம் ஒண்ணு வாங்கியாந்து, "இதையாச்சும் ஒழுங்கா எழுதுடி"ன்னு நீட்டுச்சு.

பேரு, வயசு, படிப்பு எல்லாம் எழுதிட்டேன். ஓரத்துல ஒரு கட்டம், அதுக்கு மேல "மார்பளவு". பக்கத்துல இருந்த "படம்"கிற சொல்லு ஜெராக்ஸ்ல அழிஞ்சுபோனது எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணச் சேலைக்கு ஜாக்கெட் தைக்க மாப்பிள்ளை வீட்ல கேக்குறாங்க போலன்னு நினைச்சு, முப்பத்தாறுன்னு பெருசா எழுதி உறையில போட்டு ஒட்டிக் கொடுத்தேன். சாமியாரும் பிரிச்சுப் பாக்காம செம்பட்டியில ஒரு மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிட்டார்.

அஞ்சாம் நாள், அந்த வீட்ல சொல்லக் கேட்டு சாமியார் போன்ல சிரிக்கிறார். "ஏம்மா, நெஞ்சு வரைக்கும் தெரியுற போட்டோவத்தான் மார்பளவுப் படம்பாங்க. நீ என்னத்த எழுதி வச்சிருக்க?"

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. மதினி தலையில அடிச்சுக்கிட்டு, சிரிப்ப அடக்க மாட்டாம அடுப்படிக்கு ஓடிருச்சு. போச்சு, இந்த இடமும் போச்சுன்னு உக்காந்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து செத்த நேரம் ஆகல, வாசல்ல பைக் சத்தம். செம்பட்டியில உரக்கடை வச்சிருக்க அந்த மாப்பிள்ளை, அவங்க அம்மாவோட வந்து இறங்குறார்.

"பாரத்தப் பாத்து எங்கம்மா அம்புட்டு வஞ்சுச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. ஆளையே நேர்ல பாத்துருவோம்னு வந்தேன்"னார்.

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. "பாத்தாச்சுல்ல, கலர் போதுமா?"ன்னேன். மதினி என் கையக் கிள்ளுச்சு.

அவர் சிரிப்ப நிறுத்திட்டார். "எனக்குப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு என்னையப் பிடிச்சிருக்கா?"

அம்புட்டு நாள்ல ஒருத்தரும் என்கிட்ட இதக் கேட்டதில்ல. "அவ யோசிச்சுச் சொல்லுவா"ன்னு மதினி வாயத் திறக்குறதுக்குள்ள, பிடிச்சிருக்குன்னு நானே சொல்லிட்டேன்.