ஊசியக்கா ஏவிய முதல் வேலை

என் மனைவியை ஆடைத் தொழிற்சாலையில் எல்லோரும் ஊசியக்கா என்பார்கள். தையல் மெஷினில் ஊசி ஒடிந்தால், துணிக்குள் சிக்கிவிடக் கூடாதென்று எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, தாளில் ஒட்டிக் காட்டினால்தான் புது ஊசி கிடைக்கும். யார் ஒடித்தாலும் காந்தத்தோடு தரையில் மண்டியிடுவது இவள்தான். பத்தொன்பது வருடமாக இதே கூத்து. ஒருத்தரையும் வேலை ஏவத் தெரியாது. வீட்டிலும் அப்படித்தான், எனக்கு அது வசதியாகவே இருந்தது.

முட்டி தேய்ந்துவிட்டது, இனி மண்டி போடக் கூடாது என்றார் மருத்துவர். சூப்பர்வைசர் ஆனால் தப்பிக்கலாம். இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். அதற்கு, துணி வாங்கும் கம்பெனியிலிருந்து சோதிக்க வரும் வெளிநாட்டு அம்மாவின் முன்னால், மற்றவர்களை ஆங்கிலத்தில் ஏவி வேலை வாங்கிக் காட்ட வேண்டும்.

"வாண்ட், அப்புறம் ஆளு, அப்புறம் டு, கடைசியா வேலை" என்று அலமாரிக் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்துப் படித்தாள். அந்த ஆள் நான்தான். "ஐ வாண்ட் யூ டு வாஷ் த பிளேட்" என்பாள். நான் எழுவதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

"ஏவிட்டு நீயே செஞ்சா எப்படி உருப்படும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள தட்டு காஞ்சிடுமே."

சோதனை நாளன்று, அதே தொழிற்சாலையில் பேக்கிங் வேலை பார்க்கும் நான் அரைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே பெட்டிக்கு மூன்று முறை டேப் ஒட்டினேன். அந்தப் பக்கம் தையல் பகுதியில் நிஜமாகவே ஓர் ஊசி ஒடிந்தது. ஆறு பெண்கள் என் மனைவியின் வாயையே பார்த்தார்கள். இவளோ பழக்க தோஷத்தில் தடாலென்று மண்டியிட்டாள். அந்த அம்மா ஏதோ எழுதினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

இரண்டு துண்டு கிடைத்தது. முனையைக் காணோம். குனிந்தே தேடியவள் அந்த அம்மாவின் காலருகே வந்ததும் தேடுவதை நிறுத்தினாள். மண்டியிட்டபடியே நிமிர்ந்து சொன்னாள்: "மேடம், ஐ வாண்ட் யூ டு லிஃப்ட் யுவர் ஃபுட்."

அந்த அம்மா மிரண்டு காலைத் தூக்கினாள். செருப்படியில் குத்தி நின்றது முனை.

"தன்னையே ஏவிட்டாங்களாம், இவங்களே சூப்பர்வைசராப் போதும்னு மேடம் சொல்றாங்க" என்று மேனேஜர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பெண்கள் கை தட்டினார்கள். அவள் மட்டும் எழவில்லை. அரைச் சுவரைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"எந்திரிக்க முடியலைங்க. வந்து என்னைத் தூக்குங்க."

கல்யாணமானதிலிருந்து அவள் எனக்கு மெய்யாகவே ஏவிய முதல் வேலை. ஓடிப்போய்க் கையைப் பிடித்துத் தூக்கினேன். முழுப் பாரத்தையும் என்மேல் போட்டு எழுந்தாள். இத்தனை நாளும் அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.