எரியா, ஏரியா

ஒரே ஓர் எழுத்துக்காக நானும் சித்தியும் வெள்ளிமலைக்குப் போனோம். எனக்கு அப்போது ஒன்பது வயது. சித்தி கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்திக்கொண்டிருந்தாள். ஏழு அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்த ஒரே தங்கையைப் பற்றிய பழைய கதைப்பாட்டு ஒன்றைப் புத்தகமாகப் பதிப்பிக்க வேண்டும் என்று, அதன் பிரதிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தாள். ரிஷிவந்தியம் பக்கத்தில் ஓர் ஓலைச்சுவடி கிடைத்தது. தியாகதுருகத்தில் ஒரு பழைய நோட்டு. இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டுக்கொண்டே வந்தவள், கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள்.

வீண்பழி சுமந்த தங்கை "எரியிலே இறங்கினாளே" என்றது நோட்டு. ஓலையிலோ குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம்தான். அவள் நெருப்பில் இறங்கினாளா, ஏரியில் இறங்கினாளா? நோட்டுக்காரர் தாமாக ஊகித்து எழுதியிருக்கலாம்.

"மூணாவது ஒண்ணு கெடைச்சா தெரிஞ்சிடும்டி," என்றாள் சித்தி.

எனக்கு நெருப்பு பிடிக்கவில்லை. ஏரி என்றால் எப்படியாவது அக்கரையில் ஏறிவிடலாம். பஸ் மலைப்பாதையில் வளைய வளைய, ஏரியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அந்த மூன்றாவது பிரதி மலைமேல் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தது. செத்துப்போன தகப்பனார் எழுதிய நோட்டை மகள் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். சித்தி வயதுதான் அவளுக்கும் இருக்கும்.

"நோட்டு வூட்ட வுட்டு வெளிய போவாதுங்க டீச்சர். போட்டோவும் வாணாங்க. இங்கியே குந்திப் படிச்சிக்கோங்க," என்றாள்.

நான் நோட்டைச் சத்தமாகப் படிக்க வேண்டும். சித்தி ஓலையைப் பார்த்து எழுதிய தாளை வைத்துக்கொண்டு, எங்கே மாறுகிறதோ அங்கே குறித்துக்கொள்வாள். அந்த அக்கா வாசற்படி ஓரம் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மூடுபனி கதவு வழியாக உள்ளே வந்து, முறத்தையும் அவள் கைகளையும் மறைத்து மறைத்துக் காட்டிவிட்டுப் போயிற்று. படிக்கப் படிக்க என் குரலே எனக்குத் தூரத்தில் யாரோ பாடுவதுபோலக் கேட்டது.

அந்த வரி வந்தது. எகரத்தின் கீழே கோடு இல்லை. எரிதான்.

"ஏரியிலே இறங்கினாளே," என்று படித்தேன்.

முறத்தின் சத்தம் நின்றது.

"இன்னா பாப்பா படிச்ச? எரி இல்லியா? எங்கப்பா எரின்னுதான படிக்கும்?"

"இல்லக்கா. ஏரின்னுதான் எழுதியிருக்கு."

"நல்லா பாத்து சொல்லு."

விரலால் அந்த எழுத்தை மூடிக்கொண்டு, "ஏரிதான்," என்றேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். அவள் மறுபடியும் கேட்டாள், மறுபடியும் படித்தேன்.

சித்தி எழுந்து என் பின்னால் வந்து குனிந்தாள். ஒரு புள்ளி விட்டுப் படித்தாலும் முழுப் பக்கத்தையும் திரும்பப் படிக்கவைப்பவள். என் காது சுட்டது. அவள் என் விரலை நகர்த்திப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்து அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

"ம், மேல படி," என்றாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் புத்தகம் வந்தது. முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். "எரியிலே" என்றே இருந்தது. மலைப் பிரதியிலும் எரி என்பதே பாடம் என்று அடிக்குறிப்பு சொன்னது. அன்று ஏன் என்னைத் திருத்தவில்லை என்று சித்தியிடம் கேட்டேன்.

"அந்தக்காவோட தங்கச்சி நெருப்புலதான்டி போனா. கல்யாணமாகி ஒரு வருசங்கூட ஆவல. அதுக்கப்புறம் அவங்கப்பா அந்த நோட்டத் தொறக்கவே இல்லியாம். நீ படிக்க உக்கார்றதுக்கு முன்னாடி, வெளிய ஆட்டுக்குட்டியப் புடிச்சிக்கினு நின்னப்ப பக்கத்து வூட்ல சொன்னாங்க," என்றாள்.

அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. படித்து முடித்ததும், பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்று அந்த அக்கா என்னை முன்னால் உட்காரவைத்து, கலைந்திருந்த என் தலையைப் பிரித்துப் பின்னத் தொடங்கினாள். வெகுநேரம் சீவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த ஏரி ரொம்ப ஆழமா பாப்பா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்லக்கா. முட்டி வரைக்குந்தான் தண்ணி."

என் கூந்தலில் அவள் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. இவ்வளவு பெரியவள் ஒரு கதையைப் போய் இப்படி நம்புகிறாளே என்று எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.