பலகையின் மேல் மாட்டிய தொப்பி

எங்கள் ஊர் லா வேகாவின் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நெரெய்டா தவாரெஸை 'டோன்யா தெரியாது', அதாவது 'தெரியாது அம்மா', என்றுதான் சொல்வார்கள். தலைநகருக்குப் போகும் பேருந்து கிளம்பிவிட்டதா என்று கேட்டால் "தெரியாது" என்பாள். அது கிளப்பிய புழுதி அவள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் அடங்கியிருக்காது. பாதிரியார் ஊரில் இருக்கிறாரா, பக்கத்து வீட்டில் பிறந்தது ஆணா பெண்ணா, இன்று என்ன கிழமை, எல்லாவற்றுக்கும் முதல் பதில் அதுதான். இரண்டாம் தடவை கேட்டால் சில சமயம் சொல்வாள்.

"டோன்யா, உங்க பேராவது உங்களுக்குத் தெரியுமா?" என்று வரிசையில் நிற்கும் யாராவது வம்புக்கு இழுப்பார்கள்.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்பாள். முகத்தில் சிரிப்பே இருக்காது.

ஊர் அவளைக் கிண்டல் செய்ததே தவிர, அவமதித்ததில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 1960 நவம்பரில், அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நாட்டை முப்பது வருஷம் ஆண்ட சர்வாதிகாரி ட்ருஹியோவின் ரகசியப் போலீஸ் அவளுடைய அப்பா எலிஹியோவைக் கறுப்பு வண்டுக் காரில் ஏற்றிக்கொண்டு போனது. அவர் திரும்பவில்லை. அந்தக் கார்களுக்கு நாங்கள் வைத்த பெயர் செபியோ. தெருமுனையில் அதன் எஞ்சின் தடதடப்பது கேட்டாலே பேச்சு நிற்கும், ஜன்னல்கள் மூடும்.

காட்டிக்கொடுத்தது யார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு சலூன்காரர் டெலெஸ்ஃபோரோ. அன்று காலைதான் எலிஹியோ அவரிடம் சவரம் செய்துகொண்டார். ஒரு சேவல் சண்டையைப் பற்றி இருவருக்கும் வாய்த்தகராறு வந்தது. மாலையில் செபியோ வந்தது. ஊருக்கு அது போதும். மறு வருஷம் ஹெஃபே, அதாவது 'தலைவர்' ட்ருஹியோ, சுட்டுக் கொல்லப்பட்டு, அவருடைய குடும்பமும் நாட்டைவிட்டு ஓடியதும், ஒரு கூட்டம் சலூனுக்குள் புகுந்து நாற்காலியைத் தெருவில் போட்டு எரித்தது. டெலெஸ்ஃபோரோவை அடித்துப் போட்டது. ஆறு மாதத்தில் அவர் செத்துப்போனார். கடைசிவரை "நான் இல்லை" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை.

அவருடைய மகள் காந்திதா நெரெய்டாவைவிட ஒரு வயது மூத்தவள். காலியேயின் மகள், அதாவது ஒற்றனின் மகள், என்று ஊர் அவளிடம் பேச்சை நிறுத்தியது. பேசியது நெரெய்டா மட்டும்தான். பிற்பாடு தன் மகனுக்கு அவளையே ஞானத்தாய் ஆக்கினாள். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கோமத்ரே' என்று அழைக்கும் உறவானார்கள். தினமும் நான்கு மணிக்குக் காந்திதா தெருவைக் கடந்து காப்பியோடு வருவாள். அப்பாவைக் கொன்றவனின் மகளை மன்னித்தவள் என்று பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்திலேயே நெரெய்டாவைப் புகழ்ந்தார். அன்று அவள் பூசை முடியும்வரை தலை நிமிரவில்லை. அடக்கம் என்று நினைத்தோம்.

1999-ல் தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள்.

ஹெஃபேயின் கடைசி வருஷத்தைப் பற்றி பன்னிரண்டு வாரத் தொடர். இயக்குநர் யாதிரா, முப்பது வயது, தலைநகர்க்காரி. இதற்கு முந்தைய தொடரில் அந்தக் காலத்தில் இல்லாத குளிர்பதனப் பெட்டியைக் காட்டியதற்காகப் பத்திரிகைகள் அவளை உரித்துத் தொங்கவிட்டிருந்தன. இந்தத் தடவை ஒரு நெருப்புப்பெட்டிகூடத் தப்பாக இருக்கக்கூடாது என்று வந்திருந்தாள். நான்காம் வாரக் கதை எலிஹியோவின் கதை. அதை அவருடைய சொந்த வீட்டிலேயே எடுக்க வேண்டும், பொருள்களை அவருடைய மகளே சரிபார்க்க வேண்டும் என்றாள்.

நெரெய்டா தெரியாது என்று சொல்லிவிடுவாள் என்றுதான் எதிர்பார்த்தோம். ஆனால் பொருளைப் பற்றிக் கேட்டால் அவளுக்கு எல்லாமே தெரிந்திருந்தது. ஆளைப் பற்றிக் கேட்டால்தான் தெரியாது.

"அந்தக் கோப்பை தப்பு. எனாமல், ஓரத்துல நீலக் கோடு."

"பல்பு இவ்வளவு வெளிச்சமா இருக்காது."

"பலகை அந்தச் சுவத்துல இல்ல. வாசல்ல நுழைஞ்சதும் நேரா கண்ணுல படும். ரெண்டு ஆணி. மேல் ஆணி கொஞ்சம் நீட்டிக்கிட்டிருக்கும்."

'இந்த வீட்டில் ட்ருஹியோவே தலைவர்' என்று எழுதிய உலோகப் பலகை அது. அந்தக் காலத்தில் அது இல்லாத வீடு இல்லை. கலை இயக்குநர் ஆணியை அவள் சொன்னபடியே அடித்தார். "இந்தம்மா தலைக்குள்ள ஒரு கேமராவே இருக்கு" என்றார். நெரெய்டா அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் நான்கு மணிக்குக் காந்திதா காப்பியோடு வந்தாள். வேகமாக நடந்து வந்ததில் தட்டில் பாதி சிந்தியிருந்தது.

"கோமத்ரே, கதையைப் படிச்சியா?"

"தெரியாது."

"படிச்சியான்னு கேட்டா தெரியாதுங்கறியே! எங்கப்பா பேரையே வச்சிருக்காங்கடி. சலூன்காரன் டெலெஸ்ஃபோரோ கார்க்காரன் காதுல ரகசியம் சொல்றானாம். ஒப்பனை பண்ற பொண்ணு காட்டினா."

நெரெய்டா தட்டில் சிந்திய காப்பியைத் துடைத்தாள்.

"எம் பையன் ஒசிரிஸ் சலூன் திறந்து ஆறு மாசம்கூட ஆகல. தாத்தா இடத்துலயே வைக்காதடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பழசெல்லாம் யாருக்கும்மா ஞாபகம் இருக்குன்னான். இப்ப நாடு பூரா பாக்கப் போகுது. மொதக் கல்லு எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா நான்?" காந்திதா அவள் கையைப் பிடித்தாள். "நீ சொன்னா அந்தப் பொண்ணு கேப்பா. உன் வார்த்தைக்குத்தான் அங்க மதிப்பு. பேரை மட்டுமாவது மாத்தச் சொல்லேன். செஞ்சாரோ செய்யலையோ, அதை நான் கேக்கல. பேரை மட்டும்."

"சொல்றேன்" என்றாள் நெரெய்டா. அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. இரண்டு தடவை யாதிராவின் நாற்காலிவரை போய், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். பேரை மாற்றுங்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கைது செய்யும் காட்சி. பக்கத்து நகரமான சாந்தியாகோவிலிருந்து ஒரு செபியோவைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எஞ்சின் சத்தம் அசலாக இருக்க வேண்டும் என்று யாதிரா புகைக்குழாயைக்கூட மாற்ற விடவில்லை. மதியம் ஒத்திகைக்காக அதைத் தெருமுனையில் கிளப்பினார்கள்.

தடதடவென்று அது உள்ளே திரும்பியபோது வேடிக்கை பார்க்க நின்றிருந்த இளவட்டங்கள் கைதட்டினார்கள். ஆனால் தெருவில் ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டே வந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. மருந்துக்கடைக்காரர் எழுபது வயது மனிதர். கல்லாவை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாசலுக்குப் போய் நின்றார். மூலைவீட்டு டோன்யா உர்பானா நடு வெயிலில் ரோட்டில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"அருமையா இருக்கு! ஜன்னலை மூடினதை எடுத்தீங்களா?" என்று யாதிரா கத்தினாள்.

யாரும் எடுத்திருக்கவில்லை.

வீட்டுக்குள் விளக்குகள் எரிந்தன. எலிஹியோவாக நடித்தவர் பார்த்தேமியோ, நாடகக் கம்பெனி ஆள். வேலை முடிந்து வந்து, மனைவியிடம் இரண்டு வார்த்தை பேசி உட்கார வேண்டும். அப்போது வெளியே செபியோ சத்தம். அவ்வளவுதான் காட்சி. நெரெய்டா சுவரோரம், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். காந்திதா சமையல்கட்டு வாசலில் காப்பி ஜாடியோடு நின்றாள். மூன்று நாளாக அவள் இவளை முகம் பார்க்கவில்லை.

பார்த்தேமியோ உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. கண் சுவரில் ஓடியது. நீட்டிக்கொண்டிருந்த ஆணி கண்ணில் பட்டது. வீட்டுக்கு வந்த எந்த மனிதனும் செய்வதைச் செய்தார். தொப்பியை மாட்டினார். பலகை மறைந்தது.

"கட்! கட்!" யாதிரா எழுந்தாள். "என்ன சார் பண்றீங்க? ஹெஃபே பேரு மேல தொப்பியா? அந்தக் காலத்துல அதைக் கனவுலகூட எவனும் செஞ்சிருக்க மாட்டான். பத்திரிகைக்காரன் என்னை உயிரோட கொளுத்திடுவான்."

"ஆணி நீட்டிக்கிட்டிருக்கு, மாட்டுன்னு கூப்பிடுது. நான் என்ன பண்ண?" என்றார் பார்த்தேமியோ. கூட்டம் சிரித்தது.

"டோன்யா நெரெய்டா, நீங்களே சொல்லுங்க. யாராவது இப்படிச் செய்வாங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். எல்லோருக்கும் அந்த முதல் பதில் என்னவென்று தெரியும். விளக்குக்காரர் ஒருவர் அவளுக்கு முன்பாகவே உதட்டை அசைத்துக் காட்டினார்.

நெரெய்டா தொப்பியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"செஞ்சார்" என்றாள்.

"என்னது?"

"எங்கப்பா. தினமும் அந்த ஆணியிலதான் மாட்டுவார். வீட்டுக்குள்ளயாவது இந்தப் பேரைப் பாக்காம ஒரு வாய் சாப்பிடறேன்னு அம்மாகிட்ட சொல்வார்."

யாதிரா குறிப்பேட்டை எடுத்தாள். "இதை வெளியாளுங்க யாராவது பாத்தாங்களா? சலூன்காரர் பாத்திருக்கணும், இல்லையா? அப்படித்தானே விஷயம் போச்சு?"

இங்கே தலையாட்டியிருந்தால் போதும். ஆட்டவே வேண்டாம், சும்மா நின்றிருந்தாலும் போதும். முப்பத்தொன்பது வருஷமாக அதைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

"அவர் எங்க வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. நான்தான் சொன்னேன். ஸ்கூல்ல. டீச்சர் ஒவ்வொரு பிள்ளையா எழுப்பி, உங்க வீட்டுல பலகை எங்க இருக்குன்னு கேட்டாங்க. அப்பா தொப்பிக்கு அடியில இருக்குன்னேன். கிளாஸே சிரிச்சுது. டீச்சர் மட்டும் சிரிக்கல. என்னை உக்காரச் சொன்னாங்க, நோட்டுல என்னமோ எழுதினாங்க. ரெண்டாம் நாள் வண்டி வந்துது. சாயந்தரம் அம்மா என்னைக் கேட்டா, நான் சொன்னேன். வாயிலயே அடிச்சா. இனிமே யாரு எதைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லுன்னா."

சமையல்கட்டு வாசலில் காந்திதா காப்பி ஜாடியைக் கவனமாகத் தரையில் வைத்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. தெருவைக் கடந்து போனாள். எதிர்வீட்டு ஜன்னல் மூடியது.

யாதிரா கதையை இரண்டே நாளில் மாற்றினாள். சலூன்காரர் ரகசியம் சொல்லும் காட்சி போயிற்று. வகுப்பறைக் காட்சி வந்தது. ஊர் முழுக்கப் பள்ளி ஜன்னல்களில் தொத்திக்கொண்டு நின்றது. நெரெய்டாவை உற்றுப் பார்த்தார்கள், அவள் பார்த்தால் திரும்பிக்கொண்டார்கள். தெருவில் அந்த இரண்டு நாளும் அவளை யாரும் கிண்டல் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

நெரெய்டாவாக நடித்த சிறுமி வசனத்தை அழுகிற குரலில் சொன்னாள்.

"இப்படித்தானா டோன்யா? பயந்துக்கிட்டா?"

"இல்ல" என்றாள் நெரெய்டா. "சிரிச்சுக்கிட்டே. எனக்குப் பதில் தெரியும்னு பெருமையா."

சிறுமி சிரித்துக்கொண்டே சொன்னாள். யாதிரா கையைத் தூக்கி அது போதும் என்றாள்.

வெளியே வரும்போது காந்திதா பள்ளி வாசல் மரத்தடியில் நின்றிருந்தாள். நெரெய்டா நின்றுவிட்டாள். ஓட வேண்டும் போலிருந்தது.

"ஒம்பது வயசுல சொன்னதுக்கு உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் காந்திதா. "எங்கப்பா நாற்காலியை எரிச்சப்ப உனக்குப் பத்து வயசு. ஜன்னல்ல நின்னு பாத்தே. சரி, அதுவும் போகட்டும். அப்புறம் இருவது வயசாச்சு, முப்பதாச்சு, நாப்பதாச்சு. தினமும் நாலு மணிக்கு என் காப்பியைக் குடிச்சியே, எப்படிடி தொண்டையில இறங்கிச்சு?"

நெரெய்டா வாயைத் திறந்தாள்.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லிடாத. அறைஞ்சிடுவேன்."

"பயமா இருந்துது" என்றாள் நெரெய்டா. "அந்த ஹெஃபே செத்த பிறகும் பயமா இருந்துது. அப்புறம் உன்னை நெனச்சு."

காந்திதா போய்விட்டாள்.

திங்கட்கிழமை நான்கு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. நெரெய்டா வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தெருமுனையில் அந்தச் செபியோ இன்னொரு ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. சத்தம் தேய்ந்து மறைந்த பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தாள். ஒசிரிஸ் நின்றிருந்தான். கையில் சவரக் கத்தி, தோளில் துண்டு, கடையிலிருந்து பாதியில் வந்தவன் போல.

"அம்மா சொல்லச் சொன்னாங்க. நாளைக்குத் தாத்தா சலூன்ல சவரம் பண்ற காட்சி எடுக்கறாங்களாம். கண்ணாடி எந்தச் சுவத்துல, நாற்காலி எந்தப் பக்கம்னு அந்த இயக்குநர் பொண்ணு கேட்டா, அம்மாவே போய்ச் சொல்லிக்கறாங்களாம். நீங்க வர வேண்டாமாம்."

"சரி" என்றாள் நெரெய்டா.

"அப்புறம் அந்தக் காப்பி ஜாடி."

உள்ளே போய் எடுத்துவந்தாள். மூன்று நாளாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். அவன் வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். அவள் கதவைச் சாத்தவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.