ஈவ்லின் டீச்சர் பாதியில் விட்ட கதை

ஒரு மிளகைக் கடைவாயில் அடக்கிக்கொண்ட பிறகுதான் ஈவ்லின் டீச்சர் புத்தகத்தைத் திறப்பார். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் காய்த்த மிளகு அது. சின்ன எவர்சில்வர் டப்பாவில் எப்போதும் கைப்பைக்குள் இருக்கும். ஏற்காட்டுப் பனியில் ஏழு பீரியடு கத்தியவருக்கு எட்டாவது பீரியடில் தொண்டை திறக்க வேறு வழியில்லை. ஒரு முறை எனக்குத் தொண்டை கட்டியபோது நானும் கையை நீட்டினேன். "இது படிக்கறவங்களுக்குங்க காளியப்பன். கேக்கறவங்களுக்கு எதுக்கு?" என்று டப்பாவை மூடிவிட்டார்.

நான் கேட்கிறவன்தான். அதே பள்ளியில் லேப் அசிஸ்டென்ட். என் லேபுக்கும் அவருடைய வகுப்புக்கும் நடுவில் இருப்பது கூரை வரை எட்டாத ஒரு பலகைத் தடுப்பு. சோதனைக் குழாய் கழுவிக்கொண்டே பதினெட்டு வருடமாக ஓசியில் ஆங்கிலம் படித்து வருகிறேன். பரீட்சை மட்டும்தான் எழுதவில்லை.

டீச்சருக்கு ஐம்பத்திரண்டு வயது. காப்பித் தோட்டத்து வழியே நடந்து வருவதால் அட்டைக்குப் பயந்து, சேலைக்குக் கீழே ஆண்கள் போடும் கறுப்பு ஷூ போட்டிருப்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும்: "எந்திரிங்க மகாராசா, நொம்ப அசதியா இருக்கறீங்களாட்ட இருக்குது." பச்சை மையில் திருத்துவார். யாராவது கட்டுரையைப் பாதியில் விட்டிருந்தால் ஓரத்தில் "அப்பறம்?" என்று எழுதுவார். ஆங்கிலக் கட்டுரைக்கும் அதைத் தமிழில்தான் எழுதுவார். இங்கே படித்த எவனைக் கேட்டாலும் டீச்சரைப் பற்றி முதலில் அந்தப் பச்சை 'அப்பறத்தை'த்தான் சொல்வான்.

போன வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில், பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு நாவலை நடத்தத் தொடங்கினார். ஏதோ ஒரு துறைமுக ஊர். பாலத்துக்கு இந்தப் பக்கம் மீனவப் பையன்கள் ஒரு கோஷ்டி, அந்தப் பக்கம் பட்டறைக்காரர் பையன்கள் இன்னொரு கோஷ்டி. பதினாறு, பதினேழு வயதுதான். பாலம் யாருடையது என்று சண்டை. பதினான்கு அத்தியாயம். பழைய புத்தகக் கடையில் சொல்லிவைத்து, கிடைத்த இருபது பிரதிகளுக்கும் காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார்.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளைகள் பஸ் வாரியாகத்தான் உட்காருவார்கள். ஜன்னல் ஓரத்தில் கிளியூர் பஸ், கதவோரத்தில் எஸ்டேட் பஸ். ஹாரன் கேட்டால் ஒரு வரிசை முழுக்க எழுந்து ஓட வசதி. வெளியூர்க்காரர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நடந்தவனுக்குச் சிரிப்பு வராது.

டீச்சர் செய்த தப்பு இங்கேதான். சத்தமாக வாசிக்க இரண்டு கோஷ்டி வேண்டும். இரண்டு வரிசைகள் தயாராக இருந்தன. "கிளியூர் இந்தக் கரை, எஸ்டேட் அந்தக் கரை" என்று பிரித்துவிட்டார். அதுவரை தூங்கி வழிந்த வகுப்பு துள்ளி எழுந்தது. கதையில் வரும் வசவுகளை ஜன்னலிலிருந்து கதவுக்கும் கதவிலிருந்து ஜன்னலுக்கும் வீசினார்கள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. "பசங்க இங்கிலீஷ்ல சண்ட போடறானுங்க காளியப்பன்!" என்றார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அந்த இரண்டு வரிசைகளும் பஸ் ஸ்டாப் நிழற்குடை யாருக்கு என்று ஏற்கெனவே முறைத்துக்கொண்டிருந்தவைதான். நாவல் அவர்களுக்குப் பட்டப்பெயர்களைக் கொடுத்தது. பதினொன்றாம் அத்தியாயத்தில் ஒருவன் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு பாலத்தில் இறங்குகிறான். அதை வெள்ளிக்கிழமை வாசித்தார்கள். செவ்வாய்க்கிழமை மழையில், நிழற்குடைக்குள், எஸ்டேட் பையன் கிறிஸ்டோ தன் பெல்ட்டைக் கையில் சுற்றினான். பக்கிள் கிளியூர் சக்தியின் இடது காதில் விழுந்தது. சேலத்து ஆஸ்பத்திரியில் பதினேழு நாள். அந்தக் காது இனிக் கேட்காது என்று சொல்லி அனுப்பினார்கள். கிறிஸ்டோவை ஒரு மாதம் வெளியே நிறுத்தி, எழுதி வாங்கிக்கொண்டு சேர்த்தார்கள்.

அன்று மாலையே இருபது புத்தகங்களையும் டீச்சர் என் லேபுக்குத் தூக்கி வந்தார். "ஆசிட்டோட வச்சுப் பூட்டுங்க" என்றார். அதற்கப்புறம் தடுப்புக்கு அந்தப் பக்கம் இலக்கணம் மட்டும்தான் கேட்டது. மிளகு டப்பாவையும் நான் பார்க்கவில்லை. சக்தியின் பக்கத்தில் போகும்போது மட்டும் சுற்றி நடந்து அவன் வலது பக்கமாக வந்து நின்று பேசுவார்.

இந்த ஆடியில், ஒரு மத்தியானம், ஒரு கட்டுரைத் தாளோடு லேபுக்குள் வந்தார். 'மறக்க முடியாத நாள்' என்று தலைப்பு. கிறிஸ்டோ எழுதியது. மழை பெய்தது, பஸ் ஸ்டாப்பில் நின்றோம் என்று நாலு வரி. அதோடு நின்றுவிட்டது. ஓரத்தில் பச்சை மையில் ஒரே ஒரு புள்ளி.

"எழுதப் பேனாவ வச்சேனுங்க. கை வரல. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு அவனக் கேக்கறது? நானே கதையப் பதினொன்னாவது அத்தியாயத்துல நிறுத்துனவதான?" என்றார். பிறகு அலமாரிச் சாவி கேட்டார்.

மிச்சக் கதையை நடத்தத் தலைமையாசிரியர் ஒப்பவில்லை. விடாமல் கேட்டதும், சக்தியின் அம்மா சரியென்றால் பார்க்கலாம் என்று கையைக் கழுவிவிட்டார். அடிபட்ட பிள்ளையின் அம்மா ஒப்பவே மாட்டாள் என்ற தைரியம் அவருக்கு. டீச்சர் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு கிளியூர் போனார்.

சக்தியின் அம்மா புவனேஸ்வரி எஸ்டேட் வேலை முடிந்து வந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். கேட்கவேண்டியதையும் நேராகவே கேட்டார்.

"எம் பையனுக்கு ஒரு காது போச்சுங்க டீச்சர். உங்க கதைய முடிச்சா அது திரும்பி வருமுங்களா?"

"வராதுங்க."

"அப்பறம் எதுக்குங்க?"

டீச்சர் குனிந்து ஓர் அவரைக்காயை எடுத்தார். உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "அடிக்கற வரைக்கும் சொல்லிக் குடுத்துட்டனுங்க. அடிச்சவன் அப்பறம் என்ன ஆனான், அடிபட்டவன் என்ன ஆனான்னு சொல்லவே இல்லீங்க. பசங்க பாதியத்தான் படிச்சாங்க. அந்தப் பாதியத்தான் செஞ்சும் பாத்துட்டாங்க. தப்பு என்னுதுங்க."

புவனேஸ்வரி இரண்டு காய் உரித்தார். "ஊட்டுக்கு வந்து இதச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க" என்றார். "நடத்துங்க. ஆனா நானும் வந்து உக்காருவேன். எனக்கும் புரியறாப்பல சொல்லோணும்."

இப்படித்தான் மூன்று வெள்ளிக்கிழமைகள் அரை நாள் கூலியை விட்டுவிட்டு, ஈரக் குடையோடு, கடைசி பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்தார். நானும் ஒளிந்து கேட்பதை விட்டு, கதவருகே வந்து நின்றேன். பஸ் வரிசையை டீச்சர் கலைத்துவிட்டிருந்தார். டப்பா மறுபடி வெளியே வந்தது. ஒவ்வொரு பக்கத்தையும் ஆங்கிலத்தில் வாசித்து, நிறுத்தி, கடைசி பெஞ்சைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "பாலத்துல ரெண்டு நாளா ஒருத்தரும் இல்லீங்க. அத்தன சண்ட போட்டுப் புடிச்ச பாலம், சும்மா கெடக்குது." அந்த அம்மா தலையை ஆட்டுவார். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். கிறிஸ்டோ குனிந்த தலை நிமிராமல், எந்தப் பக்கம் நடக்கிறதோ அதற்கு இரண்டு பக்கம் பின்னாலேயே புத்தகத்தை வைத்திருப்பான்.

மூன்றாவது வெள்ளி, கடைசி அத்தியாயம். டீச்சர் அவன் பெஞ்சருகே போய் நின்றார்.

"கிறிஸ்டோ, இன்னைக்கு நீ படி சாமி."

மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்றுதான் நினைத்தேன். எழுந்தான். போன வருடம் அந்த வகுப்பிலேயே பெரிய குரல் அவனுடையது. இப்போது முன் பெஞ்சுக்கே எட்டவில்லை. சக்தி உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, வலது காதை அந்தப் பக்கம் கொடுத்தான். அதைக் கண்டதும் கிறிஸ்டோவுக்கு வாய் இன்னும் குழறியது. எப்படியோ ஒரு பக்கம் முடித்தான்.

புவனேஸ்வரி கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார். "என்னங்க டீச்சர் சொல்றான் அந்தப் பையன்?"

வழக்கமாக டீச்சர்தான் சொல்வார். அன்று சொல்லவில்லை. "நீயே சொல்லு கண்ணு. அம்மாவப் பாத்துச் சொல்லு."

அவன் பக்கத்தில் விரலை வைத்தபடி கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பினான். "அவன்... ஆஸ்பத்திரிக்குப் போறானுங்க. உள்ள போகல. கதவுகிட்டவே நிக்கறான். உள்ள அடிபட்டவனோட அம்மா இருக்காங்க. அவனுக்கு... பயமா இருக்குதுங்க."

வெளியே கிளியூர் பஸ் ஹாரன் அடித்தது. ஒருவரும் எழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. புவனேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சாந்தமான முகம் என்று சொல்லமாட்டேன்.

"அப்பறம்?" என்றார்.

கிறிஸ்டோ வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றான், வரவில்லை. ஈவ்லின் டீச்சர் கைப்பையிலிருந்து அந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துத் திறந்து, ஒரு மிளகைப் பொறுக்கி, அவன் உள்ளங்கையில் வைத்தார்.