கார் சாவி வாங்கும் டாக்டர்

டாக்டர் சாமியப்பனின் குரல் தேய்ந்துபோன ஓவர்லாக் தையல் மெஷின் மாதிரி இருக்கும். ஈசிஜி எடுக்கும் நான் அதே குரலில் பேசிக் காட்டினால் நர்ஸுகள் சிரிப்பார்கள். அவர் காதில் விழுந்தால், "இன்னுங் கொஞ்சம் இழுத்துப் பேசு கண்ணு, எனக்கு அத்தனை தெம்பில்ல" என்பார்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலிக்காரர்களை நேராகக் கோயமுத்தூருக்குக் காரில் ஏற்றுவார்கள். சிலர் அவிநாசி தாண்டுவதற்குள் முடிந்துபோனார்கள். எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்துச் சின்ன ஆஸ்பத்திரியில், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் துணிந்து போட ஆரம்பித்தவர் அவர். அன்றிலிருந்து ஒரே சண்டை: ஊசி போட்டுக்கொண்டு அப்புறம் போங்கள். ஈசிஜியில் அடைப்பு தெரிந்தால் முதலில் கார் சாவியை வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வார்.

போன மாதம் நல்லூர் பனியன் கம்பெனிக்காரர் கந்தப்பன், வலியோடு தானே கார் ஓட்டி வந்தார். கூட மனைவி தெய்வாத்தாள்.

"வாயுதானுங்க டாக்டர். சோடா குடிச்சிருக்கறேன். நாளைக்கு ஷிப்மெண்ட்டுங்க."

ஈசிஜியைப் பார்த்த டாக்டர் கையை நீட்டினார். "சாவிங்க."

மகன் நித்தீஷ் போனில் கத்தினான். "அங்க ஒண்ணும் போடாதீங்க! கோயமுத்தூர்ல பெட் சொல்லீட்டேன்."

டாக்டர் போனை வாங்கினார். "தம்பி, ஆஞ்சியோவுக்கு நானே அங்க அனுப்பறேன். ஆனா போய்ச்சேர ஒண்ணேகால் மணி நேரம். அதுவரைக்கும்..."

ஆயிரம் முறை சொன்ன வாக்கியம். அன்று அலுப்பில் முடிக்க முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார்.

"மாமாகிட்டக் கேட்டுட்டுச் சொல்றனுங்க" என்று நித்தீஷ் வைத்துவிட்டான்.

டாக்டர் ஸ்டூலை இழுத்துத் தெய்வாத்தாளின் எதிரில் உட்கார்ந்தார். "மாமன், மச்சானக் கேக்க நேரமில்லீங்க. நீங்க சொல்லுங்க."

அந்தம்மா கணவரைப் பார்த்தார். சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "போட்டாப் பொழைச்சுக்குவாருங்களா?"

"உறுதி சொல்ல மாட்டனுங்க. போடாம அனுப்ப எனக்குப் பயமா இருக்குதுங்க."

"போடுங்க சாமி. பையங்கிட்ட நான் பேசிக்கறேன்."

முக்கால் மணி நேரத்தில் வலி அடங்கியது. ஆம்புலன்ஸ் கோயமுத்தூருக்குக் கிளம்பியது.

பத்து நாள் கழித்து நித்தீஷ் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். "கோயமுத்தூர் டாக்டருங்க கெட்டிக்காரங்க! அப்பாவக் காப்பாத்தீட்டாங்க."

நான் வாயைத் திறந்தேன். டாக்டர் கையமர்த்தினார்.

"சிகரெட்ட உட்டுட்டாருங்களா?"

"ஒண்ணு, ரெண்டுதானுங்க..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"நாளைக்கு அவரக் கூட்டிட்டு வாங்க தம்பி. முதல்ல இருந்து சொல்றேன்."